ஒரு கன்னத்துக்கு எத்தனை மாமன்

நான் சவர வேலையை விட்டு நின்றுவிட்டவன். ஆனாலும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனால், தொழில் பழகும் உங்களில் யாராவது ஒருவர் சலூன் வாசலில் நின்று கூப்பிடுகிறீர்கள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுக்கிறீர்கள். சந்தோஷம்தான். அந்த டீ ஆறுவதற்குள் கேட்கிறீர்கள் பாருங்கள் ஒரு கேள்வி: "அண்ணா, கன்னம் வெண்ணெ மாதிரி வழவழன்னு வரதுக்கு எத்தினி வாட்டி கத்தி போடணும்?" இதைக் கேட்டால்தான் எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

வெந்நீர்த் துண்டை எவ்வளவு நேரம் வைப்பது, நுரையை எப்படிக் குழைப்பது, கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது, இதெல்லாம் நீங்கள் போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அதில் எனக்கு வேலை இல்லை. எப்போது நிறுத்துவது, யார் சொன்னால் நிறுத்துவது என்பதை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. அதை நான் கல்யாண வீடு ஒன்றில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். உண்மையில் அங்கே எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

மாப்பிள்ளை பெயர் ஜெரால்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. அம்மா ஸ்டெல்லா எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர், என்னை அந்தோணி அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஜெரால்டுக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து நான்தான் ஷேவிங் செய்கிறேன். அவனுக்குச் சுருட்டை முடி. அந்த மாதிரித் தாடியை ஒட்ட மழித்தால் முடியின் நுனி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து முளைக்கும். கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பிவிடும். அதனால் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே ஒரே ஒரு முறை கத்தி போட்டு, படிகாரம் தேய்த்து அனுப்பிவிடுவேன். எதிர்த்துப் போட்டால் போச்சு. லேசாகச் சொரசொரப்பு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அவன் கண்ணாடியில் பார்த்து ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அவர்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைச் சவரம் என்று ஒரு சடங்கு உண்டு. பந்தல் நடுவில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உட்கார வைப்பார்கள். அம்மாவின் அண்ணன் தம்பிகள், அதாவது தாய்மாமன்கள், வரிசையாக நிற்பார்கள். சவரம் முடிந்ததும் ஒவ்வொரு மாமனும் மாப்பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா கீது" என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் யாரோ அன்பாகத் தொடங்கிய பழக்கமாகத்தான் இருக்கும். தாய்மாமன் கன்னத்தைத் தடவுவதில் தப்பென்ன இருக்கிறது?

தப்பு எங்கே வந்தது என்றால், ஜெரால்டுக்கு மூன்று மாமன்கள். அப்பா இல்லாத பிள்ளை என்பதால் நான்தான் முன்னே நிற்பேன் என்று மூவருக்குள்ளும் போட்டி. ஆவடியிலிருந்து வந்திருந்த பெரிய மாமன்தான் மறுநாள் கோயிலில் அப்பா இடத்தில் நிற்கப் போகிறவர். அது போதாதென்று, தெருவை அடைத்துப் போட்ட அந்தப் பந்தலின் ஒரு ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குத் திரை வைத்திருந்தார்கள். கேமராக்காரர் எடுப்பதெல்லாம் அப்படியே அதில் தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் இருப்பவர்களும் சடங்கைப் பார்க்கலாமாம்.

நான் வழக்கம்போல ஒரு முறை போட்டு முடித்தேன். பையன் முகம் நன்றாகத்தான் இருந்தது. பெரிய மாமன் வந்தார். கன்னத்தில் கையை வைத்து, கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்தார். எந்த முகத்தையும் அப்படி மேலே தேய்த்தால் சொரசொர என்றுதான் இருக்கும். பூனையை வாலிலிருந்து தலைப் பக்கம் தடவிப் பாருங்கள், தெரியும்.

"இன்னா இது, உப்புத்தாள் மாதிரி கீது? இன்னொரு வாட்டி போடு."

கல்யாண வீடு, பெரியவர் சொல்கிறார். நுரை போட்டு, கையை மிக லேசாக வைத்து இன்னொரு முறை போட்டேன். "இப்ப நல்லா கீது" என்றார். கூட்டம் கை தட்டியது. பெரிய திரையில் அவர் முகம் தெரிந்தது.

அடுத்து நடு மாமன். பெரியவர் ஒரு குறை கண்டுபிடித்துத் திருத்தி, கைதட்டு வாங்கிவிட்டார். இவர் சும்மா தடவிவிட்டுப் போனால் இவருக்கு என்ன மரியாதை? தாடைக்குக் கீழே விரலை விட்டு நோண்டி, "இங்க வுட்டுட்டியே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எந்த இடத்தையும் நான் விடவில்லை.

"அண்ணாத்தே, மாப்பிள்ளைக்குத் தோல் தாங்காது. இத்தோட வுட்டுடலாம்" என்றேன்.

"தாடிக்காரன் மாதிரி கோயிலுக்குப் போவச் சொல்றியா? போடுப்பா."

கேமராக்காரரும் சேர்ந்துகொண்டார். "அண்ணா, முதல் மாமாவுக்கு மட்டும் எடுத்தா நல்லா இருக்காது. ஒவ்வொரு மாமாவுக்கும் ஒரு ஷாட் வேணும்." ஷாட்டாம். அடியில் இருப்பது ஒரு மனிதனின் தொண்டை என்கிற நினைப்பு அந்தப் பந்தலில் எத்தனை பேருக்கு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஜெரால்டைப் பார்த்தேன். கழுத்தின் இடது பக்கம் ஊசி முனை அளவில் ரத்தம் பூக்க ஆரம்பித்திருந்தது. எரிச்சலில் கண் கலங்கி, கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையும் கோட்டும் போட்டுப் பீடத்தின் முன்னால் நிற்க வேண்டிய பிள்ளை. இன்னொரு முறை கத்தி பட்டால் கழுத்து முழுக்க வீங்கிவிடும், காலருக்குள் ரத்தம் ஒட்டும். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கழுத்துதான் இருக்கும்.

அப்போது நான் செய்ததைத்தான் இன்றைக்கும் சரி என்று சொல்வேன். துண்டுக்கு அடியில் கையை விட்டு, கத்தியில் இருந்த பிளேடை உருவி டப்பாவில் போட்டேன். வெறும் கத்தியை நுரைமேல் ஓட்டினேன். நுரை வழிந்து வந்தது, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடு மாமன் தடவிப் பார்த்தார். "ஹாங், இதான் ஷேவிங்கு! முன்னாடி போட்டதுல்லாம் இன்னா?" என்றார். மறுபடி கைதட்டு.

சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. பிளேடே இல்லாத கத்திக்கு "இதான் ஷேவிங்கு" என்கிற ஆளுக்காகவா ஒரு பிள்ளையின் கழுத்தைக் கிழிக்க இருந்தேன் என்று தோன்றியது.

சின்ன மாமனுக்கும் அப்படியே ஓட்டிவிட்டு மூட்டை கட்டலாம் என்று நினைத்தேன். விதி, கேமராக்காரர் ரூபத்தில் கிட்டே வந்தது. அவர் கத்தியையே நெருக்கத்தில் எடுத்துவிட்டார். பெரிய திரையில் என் கத்தி ஒரு ஆள் நீளத்துக்குத் தெரிந்தது. பிளேடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடுக்கு. பந்தியில் உட்கார்ந்திருந்த யாரோ, "ஏய், பிளேடே இல்லப்பா!" என்று கத்தினார். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது.

சிரித்தது நடு மாமனைப் பார்த்து. ஆனால் கோபம் வந்தது பெரிய மாமனுக்கு.

"டேய்! இன்னாடா, சடங்குல வந்து தில்லாலங்கடி வேல காட்டுற? எங்கள இன்னான்னு நென்ச்ச?"

எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்தால், பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் என் பக்கம் திரும்பி எனக்கும் கை கூப்புகிறவர்தான். அவருடைய தங்கை என்னை அண்ணே என்கிறார். அந்தத் தங்கை மகனின் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து டேய். இந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் தொழிலே வேண்டாம் என்று ஓடியிருக்கிறார்கள். வேறு எந்த வேலைக்காரரையும் நரைத்த தலையோடு பார்த்தால் இப்படிக் கூப்பிட நாக்கு வருமா? கத்தி பிடித்தவன் என்றால் மட்டும் எங்கிருந்து வருகிறது அந்தத் தைரியம்?

"பையன் கழுத்தப் பாருங்க, ரத்தம் வருது. அதுக்குத்தான் எடுத்தேன்" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும். புது பிளேட போடு. மொதல்லருந்து போடு. இல்லாங்காட்டி நான் இப்பவே ஆவடிக்குக் கெளம்புறேன். நாளைக்கு எவன் வந்து அப்பன் எடத்துல நிக்கிறான்னு பாத்துக்கிறேன்."

ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் தாய்மாமன் கோபித்துக்கொண்டு போனால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஊரெல்லாம் பேச்சாகிவிடும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிளேடு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி.

நான் குனிந்து பையனிடம் கேட்டேன். "ஜெரால்டு, மூஞ்சி உன்னுது. நீ சொல்லு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக, "போட்டுடுங்கண்ணா. பிரச்சன வேணாம்" என்றான்.

அந்த நிமிஷத்தில் எனக்கு மாமன்மேல் வந்ததைவிடப் பையன்மேல் அதிகக் கோபம் வந்தது. ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் எதிர்வாதம் பேசுகிற பிள்ளை. தன் கழுத்துக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவன் சொன்னது அவனுடைய பேச்சா? சுற்றி நின்றவர்கள் அவன் வாயில் போட்ட பேச்சு அது.

"போட மாட்டேன்" என்றேன். "நீ சொன்னாலும் போட மாட்டேன்."

"பாத்தியா திமிர!" என்று பெரிய மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நாலைந்து பேர் ஓடிப் போய் மறித்தார்கள். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே தள்ளிவிட்டுக் கடைத்தெருவிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்திருப்பார்கள். அவர் போட்டும் இருப்பார்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தார். என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கி மகன் கழுத்தில் ஒற்றி எடுத்தார். வெள்ளைத் துண்டில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. அதை அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"பெரியண்ணே, இத பாரு. நாளைக்கு இவன் வெள்ள சட்ட போட்டுக்கினு கோயிலுக்குப் போவணும். அவங்கப்பா இருந்தா இத பாத்துக்கினு இருப்பாரா?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டெல்லா விடவில்லை.

"மாமனுக்கு மரியாத வேணும், அவ்ளோதான? இவன் எழுந்துக்கட்டும். நீ ஒக்காரு. உன் மூஞ்சியும் முள்ளு முள்ளாதான் கீது. அந்தோணி அண்ணே உனக்குப் போடட்டும். ரெண்டு தம்பிங்களும் வந்து தடவிப் பாக்கட்டும். கேமராவும் எடுக்கட்டும்."

முதலில் சிரித்தது பந்தியில் இருந்த பெண்கள்தான். பிறகு எல்லோரும். கேமராக்காரர் பாவம், அவருக்கு எதுவாக இருந்தாலும் ஷாட்தான், கேமராவைப் பெரிய மாமன் பக்கம் திருப்பிவிட்டார். திரை முழுக்க அவருடைய நரைத்த முள் தாடி. இத்தனை பேர் பார்க்கும்போது தங்கை சொல்லைத் தட்டிவிட்டு ஓட முடியுமா? வந்து உட்கார்ந்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பெட்டியிலிருந்து புது பிளேடு எடுத்து மாட்டினேன். என் கை நடுங்கியது. பயத்தில் இல்லை. என்னை டேய் என்று கூப்பிட்ட தொண்டை என் கைக்குக் கீழே இருந்தது. பக்கத்து ஊரான பாடியில், சலூனில் எனக்கு முதலில் வேலை கொடுத்த முதலாளி நிறையப் பேசமாட்டார். ஆனால் நாங்கள் யாராவது முறைத்துக்கொண்டு கத்தியை எடுத்தால், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "போய் நொர போடு" என்று மட்டும் சொல்வார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். வெந்நீரில் துண்டைப் பிழிந்து பெரிய மாமன் முகத்தில் போட்டேன். பிரஷை எடுத்து நுரை குழைத்தேன், குழைத்துக்கொண்டே இருந்தேன். நுரை தோலுக்குத்தான் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். போடுகிறவனுக்கும்தான் அது. கை நிற்கிற வரைக்கும் குழையுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் நிறுத்தாதீர்கள்.

கை நின்றது. மோவாயை நிமிர்த்திக் கத்தியை வைத்தேன். அப்போது அடிக் குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணா... கொஞ்சம் பாத்து, மெதுவா போடுங்க."

போடுங்க! அண்ணா! கத்தி தொண்டையில் பட்டதும் எங்கிருந்தோ ஓடி வந்துவிட்டது பாருங்கள் மரியாதை. எனக்கு அந்த 'ங்க' அந்த டேயைவிட அதிகமாக உறுத்தியது. ஆனாலும் போட்டேன். முடி படுத்திருந்த பக்கமாக, தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஒரே முறை. ஒரு கீறல் கிடையாது. என் வாழ்நாளில் போட்ட நல்ல ஷேவிங்குகளில் அதுவும் ஒன்று. அந்த ஆளுக்குப் போய் அமைந்ததே என்பதுதான் என் வருத்தம்.

நடு மாமன் சும்மா இருப்பாரா? சிரித்த கூட்டத்துக்கு முன்னால் விட்டதைப் பிடிக்க வேண்டும் அவருக்கு. அண்ணன் கன்னத்தில் கையை வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்து, "அண்ணே, இங்க கொஞ்சம் சொரசொரன்னு..." என்று ஆரம்பித்தார்.

பெரிய மாமன் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். "கைய எடுறா. எல்லாம் வழவழன்னுதான் கீது."

ஜெரால்டின் முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே படிகாரம் வைத்து, ஐஸ் துணி ஒற்றச் சொல்லி, வேறு எதையும் தடவக் கூடாது என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். காலையில் கோயிலில் பார்த்தேன். கழுத்தில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். சட்டைக் காலர் வெள்ளையாகவே இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வந்து, "தேங்க்ஸ்ணா, நேத்து எனக்கு இன்னா பேசறதுன்னே தெரியல" என்றான். "இனிமே யாரு நிக்க வெச்சாலும் உன் மூஞ்சிக்கு நீ பேசு" என்று சொன்னேன். தலையை ஆட்டினான். பேசுகிறானா என்பது அவன் பெண்டாட்டிக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அதற்கு முந்தின சாயங்காலம், அந்த நாற்காலிப் பக்கத்தில் கடைசியாக நடந்ததை. பெரிய மாமன் முகத்தைத் துடைத்துவிட்டுக் கத்தியிலிருந்து பிளேடைக் கழற்றினேன். கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்தேன். மடக்குகிற அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கன்னத்தைத் தானே தடவிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினார்.

"டேய், அந்தக் கண்ணாடிய எட்றா."

நான் கொடுக்கவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, நீட்டிய கையைத் தாண்டி நடந்து வந்துவிட்டேன். முகத்தை நீங்கள் எவ்வளவு நன்றாக வேண்டுமானாலும் மழித்துக் கொடுங்கள், அது நம் தொழில். இந்த மாதிரி ஆட்களுக்குக் கண்ணாடியை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.